மலிவான பிரிண்டர், விலையான மை: துண்டில் இருந்து தொடங்கும் ஒரு கணக்கு

ஹட்டன் பக்கம் ஒரு வீட்டுக்குக் கம்பியூட்டர் வந்தால், கொஞ்ச நாளில் அடுத்த கேள்வியும் வந்துவிடும்: "ஒரு கலர் பிரிண்டரும் எடுத்துட்டா என்ன?"

கேட்பதில் நியாயம் இருக்கிறது. தம்பிக்குப் புலமைப்பரிசில் மாதிரி வினாத்தாள், தங்கைக்குச் சாதாரண தரப் புவியியல் வரைபடம், அக்காவுக்கு உயர்தர உயிரியல் படம், எங்களைப் போல கலைப்பீடத்தில் படிக்கிறவர்களுக்கு ஒப்படை. 2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டபோது பாடம் வாட்ஸ்அப்பில் வந்தது. அச்செடுக்க வழி இல்லாத பிள்ளைகள் கைபேசித் திரையைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்து, கொப்பியில் எழுதினார்கள். நதி எது, எல்லை எது என்று நிறம் சொல்ல வேண்டிய வரைபடத்தைக் கறுப்பு வெள்ளை போட்டோகொப்பியில் படித்தவர்களுக்கு, கலர் என்பது ஆடம்பரம் இல்லை என்று தெரியும்.

அதனால் கடைக்குப் போகிறோம். கடையில் நாம் முதலில் கேட்பது, "ஆகக் குறைஞ்ச விலையில என்ன இருக்கு?" இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றியது. பிரிண்டர் விற்பனையின் வரலாற்றையும் மலையகத்தின் வரலாற்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு என்று எனக்குத் தோன்றுகிறது.

துண்டு என்ற தாள்

மலையகத்தில் தாளுக்கு ஒரு கசப்பான வரலாறு உண்டு. அதில் முதலில் வருவது துண்டு.

தென்னிந்தியக் கிராமங்களில் இருந்து கங்காணிமார் ஆள் சேர்த்தபோது முற்பணம் கொடுத்தார்கள். வழிச்செலவு, சாப்பாடு, வீட்டில் விட்டுவிட்டு வருகிறவர்களுக்குக் கொஞ்சம் காசு. கையில் காசு வாங்கும்போது அது உதவி மாதிரித்தான் இருந்தது. தோட்டத்துக்கு வந்து சேர்ந்த பிறகுதான் அது கடன் என்று புரிந்தது. அந்தக் கடன் பெரிய கங்காணியின் கணக்கில் ஏறியது. தொழிலாளர்கள் வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால், இவ்வளவு கடன் கட்டினால் இவர்களை விடுவிப்பேன் என்று துரை ஒரு சீட்டு எழுதிக் கொடுப்பார். அதுதான் துண்டு. புதிய தோட்டம் அந்தக் கடனைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்ளும். கடன் தீராது, கணக்குப் புத்தகம் மட்டும் மாறும். தோட்டம் மாற மாறக் கடன் ஏறவும் செய்தது. இந்த முறை 1921இல்தான் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

பிரிண்டரையும் அந்தக் கொடுமையையும் நான் சமமாக்கவில்லை. கவனிக்க வேண்டியது கணக்கின் அமைப்பை. உள்ளே வருவது சுலபம், உள்ளே இருப்பதுதான் செலவு. முதல் நாள் கையில் கிடைப்பதை மட்டும் பார்த்தால் இந்த அமைப்பு கண்ணுக்குத் தெரியாது.

துண்டுக்குப் பிறகும் தாள் நம்மை விடவில்லை. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பான்மையினரை நாடற்றவர்களாக்கியது. 1949இல் வந்த இந்திய, பாகிஸ்தானியர் சட்டத்தின்படி விண்ணப்பித்தவர்கள், இந்த நாட்டில் தொடர்ந்து வாழ்ந்தோம் என்பதற்கு ஆதாரம் காட்ட வேண்டியிருந்தது. பிறகு 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. இந்தியாவா இலங்கையா என்று மறுபடியும் விண்ணப்பம். இந்தப் பிரச்சினைக்கு முடிவு கட்டும் சட்டம் வர 2003 ஆனது. துண்டு, செக்ரோல், பிரஜாவுரிமைப் படிவம் என்று நம் வாழ்க்கையைத் தீர்மானித்த தாள் எல்லாம் வேறு யாரோ எழுதியது, வேறு யாரோ அச்சடித்தது.

நாமே அச்சடித்தபோது

இந்த வரிசைக்கு எதிராக நின்ற ஒருவர் ஹட்டனோடு சேர்த்து நினைக்கப்பட வேண்டியவர்: கோ. நடேசய்யர். தஞ்சாவூர்ப் பக்கத்தில் இருந்து வந்தவர். வெளியாட்கள் தோட்டத்துக்குள் போக முடியாத காலத்தில் புடவை வியாபாரி வேடத்தில் உள்ளே போய் நிலைமையைப் பார்த்தவர். 1920களில் கொழும்பில் 'தேசநேசன்', 'தேசபக்தன்' பத்திரிகைகளை நடத்தினார். 1931இல் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை ஆரம்பித்து ஹட்டனைத் தளமாகக் கொண்டார். 1936இல் ஹட்டன் தொகுதியில் இருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானார்.

சங்கம் வைத்தவர், உறுப்பினர் ஆனவர் என்று நாம் படித்திருக்கிறோம். அவர் விடாமல் அச்சடித்தவர் என்பதை அவ்வளவாகக் கதைப்பதில்லை. பத்திரிகை, சிறு நூல், துண்டுப்பிரசுரம் என்று எழுதிக்கொண்டே இருந்தார். அவருடைய மனைவி மீனாட்சி அம்மாள் தொழிலாளர் நிலையைப் பாட்டாக எழுதினார், கூட்டங்களில் பாடினார், அந்தப் பாட்டுகளும் சிறு பிரசுரமாக அச்சாகின. இது நல்ல யோசனை. லயத்தில் எல்லாருக்கும் வாசிக்கத் தெரியாது. ஆனால் ஒருவர் வாசிக்கப் பத்துப் பேர் கேட்கலாம். பாட்டு என்றால் மனதிலும் நிற்கும். ஒரு தாள் ஒரு லயத்துக்கே போதும். செலவு ஒரு தாளுக்கு எவ்வளவு என்று பார்க்காமல், ஒரு தாள் எத்தனை பேருக்குப் போய்ச் சேருது என்று பார்த்த கணக்கு அது.

அச்சகம் வைக்க முடியாதவர்களுக்குப் பிறகு ரோனியோ வந்தது. 1881இல் லண்டனில் டேவிட் கெஸ்டெட்னர் உருவாக்கிய ஸ்டென்சில் முறையில் இருந்து வளர்ந்தது இது. மெழுகுத் தாளில் எழுத்தைக் கீறி, உருளையில் மாட்டி, மை போட்டுக் கைப்பிடியைச் சுற்றினால் படி படியாக வெளியே வரும். தவணைப் பரீட்சை வினாத்தாள், சங்கத்தின் அறிவித்தல், கையில் தைத்த சிறு சஞ்சிகை எல்லாம் இதில்தான். நம்ம அப்பா அம்மாமாருக்கு அந்த மை வாசனை இன்றும் ஞாபகம் இருக்கும். ரோனியோவின் மை சாதாரண மை. இந்தக் கம்பனியின் மையைத்தான் ஊற்ற வேண்டும் என்று இயந்திரம் அடம்பிடிக்கவில்லை. அந்த அடம் பிறகு வந்தது.

சூடான ஊசியில் இருந்து கடை அலுமாரிக்கு

நாம் வீட்டுக்கு வாங்கும் கலர் பிரிண்டர் பெரும்பாலும் இங்க்ஜெட். அதாவது தலைமுடியை விட மெல்லிய துளைகள் வழியாக மையைத் துளித் துளியாகத் தாளில் தெறிக்க விடுவது. இதன் ஒரு தொடக்கம் 1977இல் ஜப்பானில். கெனன் கம்பனியின் ஆய்வுகூடத்தில் மை நிரப்பிய சிரிஞ்சின் ஊசியில் சூடான சோல்டரிங் அயன் தற்செயலாகப் பட்டது. மை தெறித்தது. சூட்டில் குமிழி உண்டாகி, அது மையைத் தள்ளுகிறது என்று புரிந்துகொண்டார்கள். கிட்டத்தட்ட அதே காலத்தில் அமெரிக்காவில் எச்பி கம்பனிக்காரர்களும் தனியாக இதே இடத்துக்கு வந்தார்கள். எப்சன் வேறு வழி எடுத்தது: சூடு இல்லாமல், மின்சாரம் பட்டால் வளையும் ஒரு பொருளால் மையைத் தள்ளுவது.

1984இல் எச்பியின் முதல் இங்க்ஜெட் வந்தது. 1988இல் டெஸ்க்ஜெட் வந்தபோது அதன் விலை சுமார் 1,000 டொலர். ஐந்து வருடத்துக்குள் அது பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. 1991இல் கலர் டெஸ்க்ஜெட், 1994இல் அங்குலத்துக்கு 720 புள்ளி போடும் எப்சன் கலர் பிரிண்டர். பத்து வருடத்தில் அலுவலகச் சாமான் வீட்டுச் சாமான் ஆனது.

விலை இறங்கியதற்குத் தொழில்நுட்பம் ஒரு காரணம். வியாபார முறை இன்னொரு காரணம். இயந்திரத்தை அடிவிலைக்குக் கொடு, மையில் சம்பாதி. இதைச் சவர பிளேட் வியாபாரம் என்று சொல்வார்கள். ஜிலெட் கம்பனி ரேசரை மலிவாகக் கொடுத்து பிளேட்டில் பணம் பண்ணியது என்பது கதை. உண்மையில் ஜிலெட் ஆரம்பத்தில் ரேசரையும் 5 டொலருக்கு, அந்தக் காலத்துக்கு நல்ல விலைக்குத்தான் விற்றது. 1921இல் அதன் காப்புரிமை முடிந்து, மற்றவர்களும் அதே ரேசரைச் செய்யலாம் என்று ஆன பிறகுதான் பழைய மாதிரியின் விலையை இறக்கியது. இங்கே துண்டு ஒழிக்கப்பட்ட அதே வருடம். இது வெறும் தற்செயல்தான், ஆனாலும் மறக்க மாட்டீர்கள்.

பிரிண்டர்காரர்கள் ஜிலெட்டை விடக் கெட்டியாகக் கட்டினார்கள். கார்ட்ரிட்ஜில் ஒரு சிப் வைத்தார்கள். மை எவ்வளவு மிச்சம் என்று சொல்வது அதன் ஒரு வேலை. வேறு ஆள் செய்த கார்ட்ரிட்ஜை இயந்திரம் ஏற்காமல் தடுக்கவும் அதே சிப்பைப் பாவித்தார்கள். வழக்குகள் நடந்தன. 2017இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் லெக்ஸ்மார்க் வழக்கில், ஒரு கார்ட்ரிட்ஜை விற்ற பிறகு அதை யார் மறுபடி நிரப்புகிறார்கள் என்பதைக் காப்புரிமையைக் காட்டித் தடுக்க முடியாது என்றது. சட்டம் அப்படிச் சொன்னாலும் சிப் போகவில்லை.

மாற்றியது நம்மைப் போன்றவர்கள்

இந்த வரலாற்றில் எனக்குப் பிடித்த பகுதி இதுதான். அது நடந்தது பெரிய கம்பனியின் ஆய்வுகூடத்தில் இல்லை, இந்தோனேசியாவின் தெருக்கடைகளில்.

கார்ட்ரிட்ஜ் விலை கட்டுப்படியாகாததால் அங்கே கடைக்காரர்களே பிரிண்டரை மாற்றி அமைத்தார்கள். பக்கத்தில் மைப் போத்தல்களை வைத்து, மெல்லிய குழாய்களை உள்ளே விட்டு, மை தொடர்ந்து போகும்படி செய்தார்கள். ஊசியால் மை ஏற்றிக் கொடுக்கிற கடை நம்ம நகரங்களிலும் உண்டு, அதே யோசனையின் தம்பி மாதிரி. கம்பனிகளுக்கு நட்டம். ஒரு கட்டத்தில் எப்சன் இதைத் தடுப்பதை விட இதையே தானும் செய்வது மேல் என்று முடிவெடுத்தது. 2010இல் தாங்கி வைத்த பிரிண்டரை முதன்முதலில் இந்தோனேசியாவில்தான் விற்பனைக்கு விட்டது. அடுத்த வருடம் இந்தியா. ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போனது 2014, 2015 அளவில். பிறகு மற்றக் கம்பனிகளும் பின்னால் வந்தன.

நவீன சாமான் என்றால் மேற்கில் தொடங்கி, பழசான பிறகு நமக்கு வரும் என்று நினைக்கிற பழக்கம் நமக்கு இருக்கிறது. இது நேர் எதிர்த் திசையில் போனது. காசு குறைந்தவர்களின் பிடிவாதம் ஒரு வியாபார முறையையே திருப்பிப் போட்டது. இப்போது இயந்திரம் விலை கூட, மை விலை குறைவு.

அதனால்தான் கடையில் இரண்டு இனம் பிரிண்டர் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறது. கார்ட்ரிட்ஜ் போடுவது மலிவு. தாங்கி வைத்தது அதைப் போல இரண்டு மூன்று மடங்கு. விலைச்சீட்டை மட்டும் பார்க்கிற கண் நேராக முதலாவதற்குத்தான் போகும்.

கணக்குப் போடுவோம்

சிறிய கலர் கார்ட்ரிட்ஜ் ஒன்று 150 பக்கம் அளவுக்கே வருவது சாதாரணம். தாங்கிப் பிரிண்டருக்கு ஊற்றும் போத்தல்கள் ஒரு தொகுதி பல ஆயிரம் பக்கம் போகும். கறுப்பு 4,500, கலர் 7,500 என்று பெட்டியில் போட்டிருப்பதைப் பார்க்கலாம். இந்த எண்கள் ஒரு பொதுத் தரத்தின்படி குறிப்பிட்ட மாதிரிப் பக்கங்களை அச்செடுத்து அளந்தவை. முழுப்பக்கப் படம் எடுத்தால் அவ்வளவு வராது. ஆனால் ஒன்றோடு ஒன்று ஒப்பிட அவை போதும்.

இனி ஒரு உதாரணக் கணக்கு. விலைகள் கணக்குக்காக நான் போட்டவை. நீங்கள் கடை விலையைக் கேட்டு இதே இடத்தில் வைத்துப் பாருங்கள்.

முதலாவது பிரிண்டர் 20,000 ரூபா. கலர் கார்ட்ரிட்ஜ் 5,000 ரூபா, 150 பக்கம். அப்படியென்றால் மைக்கு மட்டும் ஒரு பக்கத்துக்கு 33 ரூபா.

இரண்டாவது 60,000 ரூபா. போத்தல் தொகுதி 10,000 ரூபா, 6,000 பக்கம் என்று குறைத்தே வைப்போம். ஒரு பக்கத்துக்கு 2 ரூபாவுக்கும் கீழே.

விலை வித்தியாசம் 40,000 ரூபா. ஒவ்வொரு பக்கத்திலும் கிட்டத்தட்ட 32 ரூபா மிச்சம். ஏறத்தாழ 1,260 பக்கத்தில் இரண்டும் சமம். அதற்குப் பிறகு மலிவான பிரிண்டர்தான் விலையான பிரிண்டர்.

2024 செப்டம்பரில் நிர்ணயிக்கப்பட்ட தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா. இந்த உதாரணத்தின்படி ஒரு கார்ட்ரிட்ஜ் மூன்றே முக்கால் நாள் பேருக்குச் சமம். பனியிலும் மழையிலும் கொழுந்து எடுத்து, எடை குறைந்து அரைப்பேர் விழுந்தால் இன்னும் கூடும். மை முடிந்தது என்று இயந்திரம் விளக்கைச் சிமிட்டும்போது அம்மாவிடம் போய்க் கேட்க வேண்டியது இந்த நாட்களைத்தான்.

இன்னொன்றும் உண்டு. மை நம் நாட்டில் செய்வது இல்லை, டொலரில் வருவது. 2022இல் ரூபா விழுந்தபோது இது எல்லாருக்கும் புரிந்தது. ஆண்டின் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் சில மாதத்தில் 360ஐத் தொட்டது. அந்த மார்ச்சில் தாள் தட்டுப்பாட்டால் மேல் மாகாணப் பள்ளிக்கூடங்களின் தவணைப் பரீட்சையே தள்ளிப்போனது. இயந்திரத்தை வாங்கும்போது டொலருக்கு ஒரு தடவை பணம் கட்டுகிறோம். அடிக்கடி கார்ட்ரிட்ஜ் வாங்கினால், மாதா மாதம் டொலர் விலைக்கு நம்மைக் கட்டிக்கொள்கிறோம்.

அப்படியென்றால் தாங்கிப் பிரிண்டரே வாங்கலாமா?

அவசரப்பட வேண்டாம். மாதத்துக்கு 30 கலர்ப் பக்கம்தான் எடுப்பீர்கள் என்றால் அந்த 1,260 பக்கத்தைத் தொட மூன்றரை வருடம் ஆகும். அதற்குள் என்னென்ன நடக்குமோ. அந்த வீட்டுக்கு ஹட்டன் டவுனில் உள்ள கொமினிகேஷன் கடைதான் மலிவு. கறுப்பு வெள்ளை மட்டும் நிறைய வேண்டும் என்றால் லேசர் பிரிண்டர் யோசிக்கலாம். அதில் இருப்பது தூள், காய்ந்து போகாது.

காய்வதுதான் இங்க்ஜெட்டின் பெரிய பலவீனம். வாரக்கணக்கில் சும்மா கிடந்தால் அந்த மெல்லிய துளைகளில் மை காய்ந்து அடைத்துவிடும். அடைப்பை எடுக்க இயந்திரம் தன்னைத்தானே கழுவும். கழுவுவதும் மையால்தான். அச்செடுக்காமலே மை தீர்வது இப்படித்தான். நம்ம ஊர்க் குளிரிலும் ஈரத்திலும் இன்னொரு தொல்லை தாள். கட்டைப் பிரித்துத் திறந்தபடி வைத்தால் ஈரம் இழுத்து, ஒன்றோடு ஒன்று ஒட்டி இழுபடும். மூடி வைக்க வேண்டும். சாயமையில் எடுத்த பக்கம் மழைத்துளி பட்டால் கரையும். விண்ணப்பம், சான்றிதழ்ப் பிரதி மாதிரி வெளியே கொண்டுபோகும் தாளுக்கு நிறமித்துகள் மையில் கறுப்பு அடிக்கும் இயந்திரம் நல்லது. கடையில் இதைக் கேட்கலாம், வெட்கப்பட ஒன்றும் இல்லை.

இப்போது இரண்டு விஷயத்தையும் சேர்த்துப் பாருங்கள். தாங்கிப் பிரிண்டர் இலாபமாக இருக்க நிறையப் பக்கம் எடுக்க வேண்டும். அது பழுதாகாமல் இருக்கவும் அடிக்கடி எடுக்க வேண்டும். ஒரு வீட்டால் இது முடியாது. நாலு அஞ்சு வீட்டால் முடியும். மாதம் 30 பக்கம் எடுக்கும் ஐந்து வீடு சேர்ந்தால் 150 பக்கம். 1,260 பக்கம் எட்டரை மாதத்தில் வந்துவிடும். 60,000 ரூபாவும் வீட்டுக்கு 12,000 ஆகிவிடும். கார்ட்ரிட்ஜ் பிரிண்டரின் விலையை விட அது குறைவு.

சேர்ந்து வாங்குவது நமக்குத் தெரியாத வேலையும் இல்லை. லயத்துக்கு லயம் சீட்டுப் பிடிக்கிறோம், திருவிழாவுக்குப் பணம் சேர்க்கிறோம், மரணச் சங்கம் வைத்திருக்கிறோம். இதற்கும் ஒரு கொப்பி போட்டால் போதும்: யார், எத்தனை பக்கம், எவ்வளவு காசு. பக்கத்துக்கு இத்தனை ரூபா என்று வைத்து அதில் மையும் தாளும் வாங்கலாம். எங்கே வைப்பது, யார் பொறுப்பு, பழுதானால் யார் காசு என்று முதல் நாளே பேசி எழுதிவிட வேண்டும். சண்டை வருவது அங்கேதான். வாசிகசாலையோ இளைஞர் கழகமோ உயிரோடு இருக்கிற தோட்டத்தில் இது இன்னும் சுலபம்.

ஆக, கடைக்குப் போகும்போது கேட்க வேண்டியவை மூன்று. ஒரு பக்கத்துக்கு மை எவ்வளவு? அந்த மை ஹட்டனிலேயே கிடைக்குமா, கண்டிக்கோ கொழும்புக்கோ போக வேண்டுமா? பழுதானால் இங்கே திருத்துவீர்களா? "ஆகக் குறைஞ்ச விலையில என்ன இருக்கு?" என்பதை நாலாவதாகக் கேட்டால் போதும். போவதற்கு முன், பக்கத்து வீட்டுக் கதவையும் ஒருமுறை தட்டிப் பாருங்கள். அவர்கள் வீட்டிலும் இதே பேச்சுத்தான் போய்க்கொண்டிருக்கும்.